நகருக்கு அடியில் இருக்கும் ஊர்

அத்தியாயம் 4

தேடலை உங்கள் வீட்டுப் பீரோவிலிருந்து தொடங்குங்கள். ஆவணக் காப்பகம், நூலகம் எல்லாம் பிறகு. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால் நகல் போதும். மனை வாங்கும்போது வக்கீல் பார்த்து “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொன்னதோடு பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டை யாரும் பிரிப்பதில்லை. உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டின் அடியில் இருக்கும் தாய்ப்பத்திரத்தை எடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். அதை வாய்விட்டுப் படியுங்கள்.

எங்கள் நகர் சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் ரயில் பாதையை ஒட்டி 1970களில் மனை போட்ட இடம். நாங்கள் குடிவந்தபோது “முன்னாடி இங்கே ஒண்ணுமே இல்லை, வெறும் பொட்டல்” என்று எல்லோரும் சொன்னார்கள். பல வருடம் நானும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாய்ப்பத்திரத்தைப் படித்த அன்று அந்தப் பேச்சு நின்றது. என் வீடு நிற்கும் நிலம் அதில் நஞ்சை. ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, களத்துமேட்டுக்கு வடக்கு, இன்னொருவர் பட்டா நிலத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் இவ்வளவு சென்ட் என்று செக்குபந்தி எழுதியிருந்தது. பொட்டலில் களத்துமேடு எதற்கு? அங்கே நெல் அடித்திருக்கிறார்கள். எங்கள் தெரு ஏன் நடுவில் கோணலாக வளைகிறது என்பதற்கும் அந்த நாலு வரியிலேயே பதில் இருந்தது. அது மாட்டு வண்டி போன தடம்.

பத்திரத்தில் கிராமத்தின் பெயர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையின் பழைய புறநகர்களுக்கு அது பெரும்பாலும் “செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா” என்று இருக்கும். அந்தச் செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. இடையில் 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்து பல ஊர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மனை நகரவே இல்லை, முகவரி மட்டும் நாலு தடவை மாறியிருக்கும். எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டின் ஏடு கிடைக்கும் என்பது இந்த மாற்றங்களைப் பொறுத்தது. ஆகவே இதை முதலிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள்.

அளவையும் கவனியுங்கள். சென்னையில் மனையைக் கிரவுண்டில் சொல்கிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இதுதான் பழைய செங்கல்பட்டுச் சீமையின் ‘மனை’. 24 மனை சேர்ந்தது ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. காணி வழக்கொழிந்துவிட்டாலும் அதன் இருபத்து நான்கில் ஒரு பங்கை இன்றைக்கும் அடுக்குமாடி விளம்பரங்களில் விற்கிறார்கள்.

பெயரைப் படிப்பது

ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் செலவில்லாமல் கிடைக்கும் ஆவணங்கள். சென்னை முகப்பேரில் ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்று வீட்டு வசதி வாரியத்தின் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே வீடு எதன் மேல் எழுந்தது என்பதைத் தபால்காரர் தினமும் படிக்கிறார். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. நுங்கம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அந்த நீர்ப்பரப்பின் எச்சமாக இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கலில் ரயிலைவிட்டு இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்கள் நாளும் ஒரு ஏரியின் பெயரை உச்சரித்துவிட்டுப் போகிறார்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது அங்கிருந்த குரோம் லெதர் தோல் தொழிற்சாலை. வேளச்சேரியைக் கல்வெட்டுகள் ‘வெளிச்சேரி’ என்கின்றன. அண்ணா நகர் என்ற பெயருக்கு முன் அங்கே முள்ளம், நடுவக்கரை என்ற கிராமங்கள் இருந்தன. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது எழுப்பிய கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது. நடுவக்கரை என்ற பெயரை அந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள்தான் சொல்வார்கள்.

பெயரை ஆதாரமாக வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகள் நீக்கப்பட்டன. பழைய பத்திரத்தில் உள்ள தெரு இன்றைய பலகையில் வேறு மாதிரி இருந்தால் குழம்ப வேண்டாம். தலபுராணக் கதைகளை வைத்துப் பெயருக்குப் பொருள் சொல்வதில் அவசரப்படாதீர்கள். கதையைக் கதை என்றே குறித்து வையுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

கிராமக் கணக்கு

என் அனுபவத்தில் ஒரு நகரின் வரலாற்றில் பாதிக்குமேல் அ-பதிவேட்டில் இருக்கிறது. வருவாய்த்துறையின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அதன் சாற்றைப் பார்க்கலாம். பழைய ஏட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலரையோ வட்டாட்சியர் அலுவலகத்தையோ அணுக வேண்டும்.

அதைக் கட்டம் கட்டமாகப் படியுங்கள். பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா, அரசு நிலமா புறம்போக்கா, நஞ்சையா புன்செய்யா என்று வரும். அடுத்து பாசன ஆதாரம் என்று ஒரு கட்டம். ‘பெரிய ஏரி’, ‘சித்தேரி’ என்று அங்கே எழுதியிருந்தால், உங்கள் மனைக்கு எந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தது என்பது தெரிந்துவிடும். பிறகு மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை. கடைசியில் குறிப்பு. புறம்போக்கு என்றால் அதோடு நிற்காமல் என்ன புறம்போக்கு என்று பாருங்கள். ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், மயானம், களம் என ஒவ்வொன்றும் அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லும். ஊரின் புல எண்களை எல்லாம் எடுத்து, நஞ்சைக்குப் பச்சை, புன்செய்க்கு மஞ்சள், நீருக்கு நீலம் என்று கிராம வரைபடத்தில் கலர் பென்சிலால் தீட்டிப் பாருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். தீட்டி முடித்ததும் ஏரிக்குக் கீழே விசிறி மாதிரி விரிந்த வயல்களும், மேட்டில் நத்தமும், அதற்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்ட சேரியும் உங்கள் கண் முன்னால் இருக்கும்.

இங்கே இரண்டு இடத்தில் பலரும் திணறுவார்கள். நகர நிலவரித்திட்டம் முடிந்த பகுதிகளில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் வந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவேடு அலுவலகத்தில் உண்டு. அதைக் கேட்டு வாங்காமல் மேலே போகாதீர்கள். இரண்டாவது, 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதுவரை கணக்கு எழுதியவர் கர்ணம். அந்தக் குடும்பத்தார் பக்கத்திலேயே இருந்தால், போய்ப் பாருங்கள். ஏடு எதுவும் மிஞ்சாவிட்டாலும் எந்த வயலுக்கு என்ன பெயர் என்பது அவர்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மனை எண்ணைக் கொடுக்காமல் மூல சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பல வருடங்களுக்கு ஒரே ஒரு பதிவு, ஒரு பாகப்பிரிவினை, ஒரு அடமானம் என்று போய்க்கொண்டிருக்கும். அப்புறம் ஏதோ ஒரு வருடத்தில் பொது அதிகார ஆவணம் ஒன்று பதிவாகி, அதே முகவர் கையெழுத்தில் வரிசையாகக் கிரயங்கள் வரும். நகர் பிறந்தது அந்த மாதத்தில். கூடவே சாலைக்கும் பூங்காவுக்கும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கீகார வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். வரைபட நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ., வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம்.

உங்கள் நகரை அரசே கட்டியிருந்தால் தேடும் இடம் வேறு. சென்னையில் 1940களில் தொடங்கிய நகர மேம்பாட்டு டிரஸ்டின் வேலைகளை 1961 சட்டத்தின் கீழ் அமைந்த வீட்டு வசதி வாரியம் எடுத்துக்கொண்டது. உலக வங்கிக் கடனில் 1977இல் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனைகள் பிரிக்கப்பட்டன. ஏழைக் குடும்பங்களுக்குச் சின்ன மனையும் தண்ணீர், கழிப்பறை வசதியும் கொடுத்து, மீதி வீட்டை அவர்களே சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அந்தத் தெருக்களில் ஒரு வீட்டுச் சுவரைக் கூர்ந்து பார்த்தால் எந்தச் செங்கல் வரிசை எந்தச் சீட்டுப் பணத்தில் எழும்பியது என்று வீட்டுக்காரம்மா விரல் வைத்துச் சொல்வார். இப்படிப்பட்ட திட்டங்களுக்கு நிலம் எடுத்தபோது 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிதழில் அறிவிக்கை வந்திருக்கும். புல எண், பரப்பு, நிலத்துக்காரர் பெயர் மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் முன்அனுமதி பெற்றுப் பழைய அரசிதழ்களைப் பார்க்கலாம். பழைய காலத்துக்கு அதன் பெயர் ‘செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்’. அங்கே போகும் நாளில் 1879இல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டையும் கேட்டுப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் கிராமவாரியாக மக்கள்தொகை இருக்கும். மனை போடுவதற்கு முந்தைய கணக்கில் உங்கள் கிராமம் எத்தனை பேர் வாழ்ந்த ஊர் என்று தெரிந்துகொண்டால் “ஒன்றுமே இல்லை” என்ற சொல் வாயில் வராது.

வானத்திலிருந்தும் மழையிலும்

1960க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் பூமியைப் படம்பிடித்தன. 1995இல் அந்தப் படங்கள் இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையதளத்தில் தேடலாம். உங்கள் பகுதி விழுந்த படம் ஒன்று கிடைத்துவிட்டால், கறுப்பு வெள்ளையில் ஏரியின் உள்வாயும் கரையும் கலங்கலும் தெரியும். இன்றைய படத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்லும் வசதி இருக்கிறது. அது ஏறக்குறைய 2000க்குப் பிந்தைய மாற்றங்களுக்குத்தான் உதவும்.

படம் பார்த்த பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்யும் நாளில் குடையோடு இறங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, எந்தச் சந்தில் வேகம் எடுக்கிறது என்பதைப் புல வரைபடத்தின் நகலில் பென்சிலால் குறியுங்கள். வாய்க்கால் புறம்போக்கின் கோடும் உங்கள் பென்சில் கோடும் பல இடங்களில் ஒன்றாகவே ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்த வீட்டில் எந்தப் படிவரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளையடிக்கும்போது அழித்துவிடுவார்கள். அதற்குள் போட்டோ எடுத்துத் தரையிலிருந்து உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இந்த அத்தியாயத்தில் உடனடியாக உயிர் காக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

அப்படி ஒரு மழை நாளில்தான் எங்கள் மெயின் ரோட்டு டீக்கடைக்கு ஒதுங்கினேன். கடைக்குப் பக்கத்தில் நட்டுவைத்த இரண்டு கருங்கல் தூண்களும் அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கல்லும் உண்டு. அதில் சாய்ந்து நின்று எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். ஏதோ பழைய வாசல் என்று நினைத்திருந்தேன். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அது மதகுக் கல்லு சார். குறுக்குக் கல்லுல நடுவுல ஓட்டை இருக்குது பாருங்க. அதுல கழி இறங்கும். கழியத் தூக்குனா அடைப்பு திறக்கும். எங்கப்பாருதான் நீர்க்கட்டி. எந்தக் கழனிக்கு எத்தன நாழி தண்ணின்னு அவருதான் வுடணும்.”

தலையை உயர்த்திப் பார்த்தேன். வட்டமாக ஓட்டை இருந்தது. உட்புறம் கழி உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருந்தது. விரலை விட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. அத்தனை வருடம் அதன் கீழே நின்றும் அண்ணாந்து பார்க்கவில்லை. எங்கள் ஏரியில் மிஞ்சியிருப்பது அந்த மூன்று கற்கள்தான்.

மனிதர்களிடம் கேட்பது

நிலத்தைப் பற்றி விசாரிக்கிற யாரையும் புறநகரில் தரகர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். தவறில்லை, அவர்கள் பட்டது அப்படி. ஆகவே சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு யார் வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தீர்கள், மழைக் காலத்தில் எந்த வழியாக ஸ்டேஷனுக்குப் போனீர்கள், முதன்முதலில் கரண்ட் வந்தது எந்த வருடம், எந்தப் பிள்ளை பிறந்திருந்தது? வருடத்தை நேராகக் கேட்டால் பதில் வராது. பிள்ளையின் வயதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர்களைப் பிடிப்பது சுலபம். நலச்சங்கத்தில் விசாரித்தால் போதும். அவர்களோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் வரலாறு மனை எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்களையும், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரையும், ஏரி மண்ணில் செங்கல் அறுத்தவர்களையும், மனை போட்டபோது கல் நட்டவர்களையும் தேடிப் போக வேண்டும். அவர்கள் பழைய ஊர்த்தெருவில் இருப்பார்கள், அல்லது ‘காலனி’ என்று ஊரார் சொல்லும் இடத்தில். நடுத்தர வர்க்கக் குடியிருப்புக்குப் பெருமையாகச் சூட்டும் அதே சொல், கிராமத்தில் தலித் மக்களை ஒதுக்கி வைத்த இடத்துக்குப் பெயராக இருந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள், எழுதுங்கள்.

செங்கல்பட்டுச் சீமையில் வேலை செய்பவர்கள் பஞ்சமி நிலத்தைத் தவிர்க்கவே முடியாது. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் இருந்த நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை வந்தது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய தலித் மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். உங்கள் நகரின் புல எண்ணுக்கு எதிரே பழைய ஏட்டில் இப்படி ஒரு நிபந்தனைக் குறிப்பு இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். தனி மனிதர் பெயர் வேண்டாம், கோர்ட்டு கச்சேரி என்று யாரையும் இழுத்துவிட வேண்டாம். என்ன வகை நிலம், எந்த ஏட்டில் இருக்கிறது என்பது போதும். அதை விட்டுவிட்டு எழுதும் நகர் வரலாறு பொய்.

பேச்சைப் போனில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேளுங்கள். பழைய போட்டோவை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வீட்டிலேயே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, பின்பக்கம் எழுதியிருப்பதையும் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்யாண போட்டோக்களில் மணமக்களைவிட அவர்களுக்குப் பின்னால் தெரிவதைப் பாருங்கள். எங்கள் ஏரிக்கரையின் பனை வரிசை எனக்குக் கிடைத்தது 1970களின் ஒரு ஊர்வலப் படத்தின் ஓரத்தில்.

இதைவிடப் பழைய காலத்துக்கு ஊர்க் கோயிலின் கல்வெட்டு உதவும். மத்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் பழமை இல்லை என்று ஆகிவிடாது. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு சரளைக் குழியிலிருந்து கற்கருவி ஒன்றை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகம் அறிந்தது அதிலிருந்துதான். இன்றைக்கு அந்தப் பகுதி முழுக்க வீடுகளும் கடைகளும்.

சேர்த்தவற்றை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு தாளிலும் எங்கே, எப்போது, யார் சொல்லிக் கிடைத்தது என்று எழுதி, ஒரு பிரதியைக் கிளை நூலகத்துக்கும், இன்னொன்றை ஊர்ப் பள்ளிக்கும் கொடுங்கள். எங்கள் நலச்சங்கத்தின் முதல் இருபது வருட மினிட்ஸ் புத்தகங்கள் பொங்கலுக்கு ஒழித்துச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. முதல் தெருவிளக்குக்கு யார் யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருந்தது. உங்கள் சங்கத்தின் புத்தகங்கள் இன்று யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள்.